மேஜைமேல் உப்பு

தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். அங்கே ஓடும் இருநூறு தையல் மிஷின்களுக்கும் அவள்தான் மெக்கானிக். ஊசி முறிந்தாலும் பெல்ட் அறுந்தாலும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். "கதவுக் கீலுக்கே எண்ணெய் விடுறாங்க. மிஷினுக்கு ஒரு சொட்டு விட உனக்குக் கை வரலையா?" என்று அவள் கேட்டால் மூன்று வரிசை தள்ளி இருப்பவளும் எண்ணெய்க் குப்பியைத் தேடுவாள். மேனேஜரே அவளிடம் பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இவ்வளவு கோபக்காரியிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஆத்திரம் வந்தால் முதலில் கையிலிருக்கும் ஸ்பேனரைப் பெட்டியில் வைப்பாள். மூடியையும் மூடுவாள். பிறகுதான் வாயைத் திறப்பாள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு தம்ளரைக்கூட அவள் யார் மீதும் எறிந்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் "அப்படியே அப்பா மாதிரி" என்பார்கள். அதைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு விசித்திரம், அவள் சமையலில் உப்பு இருக்காது. உப்புக் குப்பி சாப்பாட்டு மேஜைமேல் நிற்கும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். பஸ் ஓட்டும் அவள் கணவர் முப்பது வருடமாக ஒரே கேலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "உப்பு உறைப்பெல்லாம் இவ வாயிலேயே தீர்ந்துடுது, சட்டிக்கு மிச்சமில்ல." யாராவது ஏன் என்று கேட்டால், "எங்க அம்மா வீட்டுப் பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

அந்தச் சொல்தான் அன்றைக்கு மதியம் எழுத்தாகி அவள் கைக்கே வந்தது.

அப்பா இறந்து ஒரு வருடம் முடியப்போகிறது. அதற்காகத் தம்பி, வீட்டுச் சமையலையெல்லாம் அம்மாவிடம் கேட்டெழுதி, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் தயார் செய்திருந்தான். மறுநாள் காலை அச்சுக்குப் போகிறது. பிழை பார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பியிருந்தான். முதல் பக்கத்திலேயே உருளைக்கிழங்கும் பட்டாணியும். கீழே தம்பியின் குறிப்பு: "எங்கள் வீட்டில் அடுப்பில் உப்புச் சேர்ப்பதில்லை. அவரவர் ருசிக்கு அவரவர் போட்டுக்கொள்ளட்டும் என்று அப்பா ஏற்படுத்திய அழகான பழக்கம் இது."

அழகான பழக்கமாம்! அவள் ஸ்பேனரைப் பெட்டியில் வைத்து மூடினாள். திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் நேராக அம்மா வீட்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை.

அது நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தை. அன்றைக்கும் இதே உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான். அப்பா வெளியே வெல்லக்கட்டி. வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் வேறு ஆள். ஒரு கவளம் வாயில் வைத்தார். "உப்பா கொட்டியிருக்கே?" அடுத்த நொடி, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி வைத்திருந்த சட்டி பறந்தது. அம்மாவின் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அந்தத் தழும்பு இஸ்திரிப் பெட்டி சுட்டது என்றுதான் தம்பிக்குச் சொல்லி வளர்த்தார்கள். மறுநாளிலிருந்து அம்மா அடுப்பில் உப்பே போடவில்லை. குப்பி மேஜைக்கு வந்தது; உப்புக் கூடினாலும் குறைந்தாலும் பழியைச் சட்டியின் தலையில் யாரும் கட்ட முடியாது அல்லவா.

அதோடு போயிருந்தால் அவள் என்றைக்கோ ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அம்மா போட்ட உப்பு சரியாகத்தான் இருந்தது. அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கப் போன நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து, ஸ்டூல் மேல் ஏறி இரண்டாம் முறை ஒரு கை உப்பை அள்ளிப் போட்டது அவள். அதை இன்று வரை எவரிடமும் அவள் சொல்லவில்லை. தம்பியின் வரியை அடிக்க வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும், அதுவும் அம்மாவின் முகத்துக்கு நேராக.

அம்மா சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி மேஜையில் தாள்களோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா எழுதி வெச்சிருக்க?"

"ஏன்க்கா, பிழை இருக்கா?"

"எல்லாமே பிழை. இந்த உப்புக் கதையை அடி."

"அது நம்ம வீட்டுப் பெருமைக்கா. நீயே எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லுவ? உன்கிட்ட கேட்டதைத்தான் எழுதினேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். பொய்யை வளர்த்ததில் அவளுக்கும் பங்குண்டு.

"அந்த மனுஷன் சட்டியைத் தூக்கி அம்மா மேல எறிஞ்சார்டா. அம்மா கையில இருக்கிறது இஸ்திரிப் பெட்டி சுட்டது இல்ல. உப்புக் கூடிப்போச்சுன்னு எறிஞ்சார்."

தம்பியின் முகம் வெளுத்தது. "அப்பாவா? என் மேல ஒரு அடி விழுந்ததில்லையேக்கா."

"உனக்கு விழல. அதனால நடக்கலைன்னு ஆயிடுமா?" குரல் உயர்ந்தது, பிறகு உடைந்தது. "உப்பைக் கூடப் போட்டது அம்மா இல்லடா. நான். ஸ்டூல் போட்டு ஏறி நான் போட்டேன். எனக்காக அம்மா வெந்துபோனாங்க. நான் வாயை மூடிட்டு நின்னேன்."

கத்திச் சத்தம் நின்றிருந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

"நீ ஏறினதை நான் பார்த்தேன்டி," என்றாள்.

"பார்த்தீங்களா?"

"ஸ்டூலை இழுத்துப் போட்டியே, சத்தம் கேக்காதா? உள்ள இருந்து எட்டிப் பார்த்தேன். கை எல்லாம் உப்போட நின்ன. கொஞ்சம் கூடினா என்ன, கிழங்கு இழுத்துக்கும்னு விட்டுட்டேன்."

"ஏம்மா சொல்லல? நாப்பத்தஞ்சு வருஷமா நான்..."

"உனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்." அம்மாவின் குரலில் இதுவரை கேட்காத ஒரு சூடு ஏறியது. "உப்புக் கூடினதுக்கு நீ காரணம். சரி. சட்டி பறந்ததுக்கு நீ எப்படிடி காரணமாவ? ஒன்பது வயசுப் பிள்ளை உப்புப் போட்டா, 'ஐயோ உப்பு'ன்னு சொல்லிச் சிரிச்சுட்டுத் தண்ணி குடிக்கிறவங்கதான் மனுஷங்க!"

தம்பி மெதுவாகக் கேட்டான். "அப்போ இது அப்பா ஏற்படுத்தின பழக்கம் இல்லையாம்மா?"

"பழக்கம் இல்லடா. பயம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தெரியாதவளா நான்? ஒவ்வொரு நாளும் குப்பையைத்தான் ஆக்கி இறக்கினேன். அந்தப் பயத்துக்குப் போய் உங்கப்பா பேரை வெச்சு அச்சடிக்கிறியா?"

"அடிச்சுடறேன்மா. அந்த இடம் காலியா இருக்குமே..."

"உப்பு ரெண்டு ஸ்பூன்னு எழுது. பெரிய எழுத்துல எழுது."

அவன் எழுதினான். அம்மா மேஜைமேல் இருந்த உப்புக் குப்பியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கிழங்கையும் பட்டாணியையும் சட்டியில் போட்டாள். கொதி வந்ததும் குப்பியை மகளிடம் நீட்டினாள்.

"நீ போடு."

இருநூறு மிஷின்களை மிரட்டும் கை மேலே வரவில்லை. அவள் தன் கையையே கோபமாகப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டாள். அம்மா கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"பத்தல," என்றாள். "இன்னும் போடு."