ரெண்டு டிகிரியும் செண்பகத்தின் நோட்டும்

குளிரைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் திண்டிவனத்தில் மற்றவர்கள் பேச வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாவு வீடுகளுக்கு, மரத்தூள் அப்பி சாக்கு சுற்றிய ஐஸ் பாரை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவன். இன்றைக்கு மரக்காணம் போகும் ரோட்டில் சொந்தக் கடை, பிணம் கெடாமல் வைக்கும் ஐந்து குளிர் கண்ணாடிப் பெட்டி, அவற்றை ஏற்றிப்போக ஒரு வண்டி. என் பெட்டியில் மூன்று நாள் வைத்தாலும் முகம் தூங்குகிற முகமாகவே இருக்கும். ரெண்டு டிகிரி. கூடவும் விடமாட்டேன், குறையவும் விடமாட்டேன். பெரியதம்பி பெட்டி என்றால் முப்பது கிராமத்துக்குத் தெரியும்.

ஆனால் இது என்னைப் பற்றியது இல்லை. பிரம்மதேசத்துச் செண்பகத்தைப் பற்றியது. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெட்ட பெயர் வைத்தேன். வைத்த வாயே அதை எடுத்ததையும் எழுதிவிட வேண்டும்.

நான் பிறந்ததும் பிரம்மதேசம்தான்; செண்பகம் எங்கள் தெருப் பெண். அப்பா ராயப்பன் கரும்பு வெட்டவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போனவர். அம்மா ராஜாமணியும் அதே கூலிதான்; எனக்கு அக்கா முறை. ஒரே மகள். தினம் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு படித்தாள், அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் இருந்தாள். அப்புறம் கன்னியாஸ்திரி ஒருவர் வழிகாட்ட, ஸ்பெயின் தேசத்துக்குப் போனாள். கடலோரத்தில் ஒரு முதியோர் இல்லம். பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். மீதிப் பேர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெயிலுக்காக அங்கே வந்து தங்கிவிட்ட இங்கிலாந்துக்காரர்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது இவள் வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ராயப்பன் தவறிவிட்டார். என் பெட்டிதான் போனது. மகள் வருவாள் என்று மூன்று நாள் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் என் போனுக்குக் கூப்பிட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாமா, என்னால வர முடியல. ஜனங்கள காக்க வைக்காதீங்க. எடுத்துடுங்க.”

அவ்வளவுதான். அழுகை இல்லை, குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எத்தனை பேர் போனில் கதறியதைக் கேட்டவன் நான்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“எம் பொட்டியே ரெண்டு டிகிரிதான்யா. இந்தப் பொண்ணு அதுக்கும் கீழ!”

சிரித்தார்கள். சாவு வீட்டில்தான் சிரிப்பு சட்டென்று வரும். அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் செண்பகத்துக்கு ‘ரெண்டு டிகிரி’ என்றே பெயர் ஆகிவிட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை. மனசில்லாதவரை நாம் கல் என்போம், நெஞ்சில் ஈரமில்லை என்போம். குளிர் நமக்கு நல்ல சங்கதி. வயிறு குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன் என்று சந்தோஷத்துக்குச் சொல்கிற ஜனம் நாம். அந்தக் குளிரை வசவாக்கிய முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் ராஜாமணி அக்காவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. செண்பகம் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்து ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்தாள். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா என்னத் தொட விடல மாமா. பக்கத்து வூட்டு சித்ரா அக்காதான் காலைல ஒருவாட்டி வந்து தொடச்சிட்டுப் போறாங்க. பெரட்டிப் படுக்க வைக்க அவங்களுக்குத் தெரியல. முதுகுல புண்ணு ஆரம்பிச்சிருக்கு. இப்பிடியே போனா ஒரு மாசம் தாங்காது.”

“அதுக்கு நான் என்னா பண்ணணும்?”

“நீங்க சொன்ன ஒரு வார்த்ததான் எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல நிக்குது. அத நீங்களே வந்து எடுக்கணும்.”

“எந்த வார்த்த?”

“ரெண்டு டிகிரி.”

“அத யாரு உனுக்குப் போட்டுக் குடுத்தது?”

“யாரும் இல்ல. நீங்க போன கட் பண்ணல மாமா. நானே கேட்டுக்கினு இருந்தேன்.”

துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“நீ அழுதிருந்தா நான் ஏன் அப்பிடிச் சொல்றேன்?”

“ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்க. சுத்தி ஜனம் பேசறது கேட்டுச்சி. எங்கப்பனுக்கு அழறத மைக் வச்சா அழுவாங்க?”

“சரி, வந்திருக்கலாமில்ல?”

“அங்க தங்கறதுக்கு ஒரு கார்டு இருக்கு. அது முடிஞ்சி புதுசுக்கு எழுதிக் குடுத்திருந்தேன். அது கைக்கு வராம கெளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்க. அம்மாவுக்கு மருந்து மாத்திர எல்லாம் அந்த வேலையிலதான் மாமா.”

“நான் தமாஷுக்குத்தான் சொன்னேன். குளிர வச்சி ஒரு ஆள வைய முடியும்னே எவனுக்கும் தெரியாது. நான்தான் மொத ஆளு.”

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். “நீங்க மொத ஆளு இல்ல” என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் குளிர், குளிர் என்றாராம். மூன்று கம்பளி போர்த்தியும் அதையே சொன்னாராம். காய்ச்சலா, ஜன்னல் திறந்திருக்கிறதா, மகன் வராத வருத்தமா? தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டும். தப்பாக எழுதினால், துணைக்கு ஆள் வேண்டிய இடத்துக்குக் கம்பளி வந்து சேரும். அதனால் அந்த ஜனங்கள் வாயில் வந்த குளிர் வார்த்தைகளையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரில் என்ன செய்ய வேண்டும் என்றும் குறித்துவைத்திருந்தாள்.

ஸ்பானிஷில் ‘ஃப்ரியோ’ என்றால் குளிர். சட்டைப் பையில் சாவி இருக்கிறது என்பதுபோல, என்னிடம் குளிர் இருக்கிறது என்பார்களாம். எதிரில்: கம்பளி. ‘எஸ்கலோஃப்ரியோ’ என்றால் உடம்பைத் தூக்கிப் போடும் நடுக்கம், பயத்திலும் வருமாம். எதிரில்: காய்ச்சல் பார், இல்லாவிட்டால் கையைப் பிடி. ‘ஃப்ரியால்தாத்’ என்றால், பெற்ற பிள்ளை வந்து, உட்காராமல், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறானே, அது. எதிரில்: பக்கத்தில் உட்கார். இங்கிலீஷில் ‘கோல்டு’ என்ற ஒன்றையே காற்றுக்கும் சொல்கிறார்கள், சளிக்கும் சொல்கிறார்கள், மருமகளுக்கும் சொல்கிறார்கள். ‘கோல்டு ஷோல்டர்’, அதாவது குளிர்ந்த தோள், என்று ஒன்று.

“தோளு எப்பிடிம்மா குளிரும்?”

“மொகங்குடுக்காம திரும்பிக்கிறதாம் மாமா. எங்கம்மா இப்ப எனக்கு அதத்தான் காட்டுது.”

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ‘ரெண்டு டிகிரி’ என்று எழுதியிருந்தது. ராயப்பனை எடுத்த தேதியும் இருந்தது. எதிரில் ஒன்றும் இல்லை.

“இதுக்கு என்னா பண்ணணும்னு எழுதலியே?”

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

வண்டியை எடுத்தேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. பிரம்மதேசத்தில் என் வண்டி நின்றதும் தெருவே கூடிவிட்டது. உள்ளேயிருந்து ராஜாமணி அக்காவின் குரல், ஒரு பக்கம் வாய் கோணியும், தெளிவாக வந்தது.

“ஏன்டா பெரியதம்பி, நான் இன்னும் சாவலியேடா. அதுக்குள்ள பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டியா?”

“பொட்டி இல்லக்கா. நான் மட்டுந்தான்.”

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். மேடையில் பேசக் கூச்சப்படாதவன் நான். அங்கே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அன்னிக்கு ரெண்டு டிகிரின்னு சொன்னனே, அது தப்பு. வயசுக்கு ஏத்த வாயி இல்ல. உம் பொண்ணு போன்லதான் இருந்திருக்கு. நான் கட் பண்ணல. எல்லாத்தையும் கேட்டிருக்கு.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் வெந்நீர்க் குண்டானோடு நின்ற மகளைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் பார்க்கிறாள் என்று பின்னால் சித்ரா சொன்னாள்.

“இவன் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அவரு பக்கத்துல உக்காந்து அழுதுகினு இருந்தவ, நானும் சிரிச்சிட்டேன்டி. எஞ் சிரிப்பும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சிம்மா.”

“சிரிச்ச மொகத்த வச்சிக்கினு எப்பிடி உன்னப் பாக்கறதுன்னுதான்டி திரும்பிக்கினேன். அதையும் கேட்டுட்டு எதுக்குடி வந்த?”

“முதுகுல புண்ணு வருது. திரும்பிப் படு.”

அதே குரல்தான். போனில் கேட்ட அதே ஏற்ற இறக்கமில்லாத, ஆடாத குரல். நான்தான் இப்போது வேறு ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செண்பகம் குண்டானை வைத்து, இரண்டு கையையும் வெந்நீரில் முக்கினாள். துடைத்தாள். தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்; போதவில்லை போலும், மறுபடி முக்கினாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சில்லென்ற கை பட்டால் தூக்கிவாரிப் போடும், அதனால் கையைச் சூடாக்காமல் யாரையும் தொடக்கூடாது என்று அங்கே பழக்கம் என்றாள். நாற்பது வருஷமாக மனிதர்களைத் தூக்கி வைக்கிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை. நான் தொட்டவர்கள் யாரும் புகார் சொன்னதில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மகள் ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்துப் புரட்டினாள். அக்காவின் நல்ல கை, மகளின் துப்பட்டாவை எட்டிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சத்தம் வந்தது.

“ஆம்பளைக்கு இங்க என்னடா வேல? வெளிய போடா. ஏன்டி, நின்னுகினே இருக்குற, ஜல்தி பண்ணு.”

வெளியே வந்து, கூடியிருந்தவர்களிடம், பெட்டிக்கு வேலையில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றேன். புண் ஆறி இப்போது மூன்று மாதம் ஆகிறது.

இப்போதெல்லாம் என் பெட்டி நிற்கும் வீட்டில், வெளிதேசத்திலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட விடமாட்டேன். போனை வாங்கி, இறந்தவரின் காதுக்கு நேராகக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வேன். பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை நானும் தள்ளித்தான் நிற்பேன். இந்த ஜில்லாவில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் பெரியதம்பிதான். வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யோசனை செண்பகத்துடையது.