மண்ணுக்குள் விட்ட சூடு

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் ஆபீஸ் கட்டடத்தைக் குளிர்விப்பது மண்தான். தோட்டத்தில் ஆழமாகத் துளை போட்டுக் குழாய்களை இறக்கியிருக்கிறார்கள். அறைகளின் சூட்டை அடித்தளத்தில் உள்ள இயந்திரம் இழுத்து, குழாய்த் தண்ணீரில் ஏற்றி, மண்ணுக்குள் விட்டுவிடும். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பார்க்க வருகிறவர்கள் பூமியிலிருந்து குளிர் வருகிறது என்று நினைத்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதல் நாள் நானும் தொட்டுப் பார்த்தவன்தான்.

குளிர் நாடுகளில் கோடையில் விட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். மும்பையில் சூடு வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தை நிறுத்தி மண்ணை ஆறவிடுவோம். அன்றும் ஒருவர் இருந்து மண்ணின் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டிருப்பவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

தாராவியில் என் அறை தகரக் கூரை போட்ட மாடி. இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதச் சூட்டில் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, கூடவே காய்ச்சல். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். "நல்ல ரூமா பாத்துட்டு சொல்லுங்க, வாறோம்" என்றாள்.

என் அறைக்கும் ஒரு குழாய் போட முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "ஜமீன் கிதர் ஹை தேரா?" என்றார். உனக்கு நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். என் அறைக்குக் கீழே இருப்பது வேறொருவர் வீடு. கோபம்தான் வந்தது.

பிறகுதான் அந்தக் கூத்தை ஆரம்பித்தேன். அடித்தளத்தில் எனக்கு ஒரு சின்ன கேபின் உண்டு, நல்ல குளிர். வெள்ளைச் சுவர் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேசினேன். "தாராவிக்குள்ளயே ரூம் மாத்திட்டேன். ஜம்முன்னு இருக்கு. ஜூன்ல டி.சி. வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். வந்த பிறகு என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை. தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்கி அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிட மாட்டேன். அந்த ஞாயிறு மத்தியானம் மகளே கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு எடுத்தேன். இயந்திரம் ஓடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நெற்றியிலிருந்து வழிந்தது.

"அப்பா, ஸ்வெட்டர் போட்டும் எதுக்கு இப்படி வேர்க்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"எனக்குத் தெரியும். தாராவியில எந்த ரூம்ல பக்கத்து வீட்டு டிவி கேக்காது? ஒங்க பின்னால ஒருநாளும் ஒரு சத்தமும் இல்ல. நீங்களே சொல்லுவீயன்னு பாத்தேன்."

"டி.சி. வாங்கலையா?"

"பிள்ளைக்கு இங்கயே ரெண்டாங்கிளாஸ் புஸ்தகம் வாங்கியாச்சு."

என் கண் மேஜை மேலிருந்த நோட்டுக்குப் போனது. அன்று மண் அரை டிகிரி ஆறியிருந்தது. அதை இன்னும் நோட்டில் எழுதவில்லை.

"மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழத்துங்க" என்றாள். "கழத்திட்டு, நம்ம ரூமுக்குப் போய்க் கூப்பிடுங்க. பிள்ள பாக்கணும்ங்கா."