தகர மாமுவின் குரல்

கழுத்தில் மஃப்ளர், கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். காசிமேட்டு மீன் ஏலத்தில் வஞ்சிரக் கூடையின் முன் நின்று தேசப்பன் விலையை முணுமுணுக்கிறார். ஆவணிப் புழுக்கத்தில் ஊரே வேர்த்து வழிகிறது. நான்கு படகு தள்ளி நிற்பவனையும் திரும்பிப் பார்க்க வைக்கிற தொண்டை அது. இன்றைக்குக் கூடையைச் சுற்றி நிற்பவர்களுக்கே கேட்கவில்லை.

"இன்னா தேசா, ஏலம் வுடுறியா, மந்திரம் ஓதுறியா?" என்று கத்துகிறார் இறால் வியாபாரி ஜாபர்.

தேசப்பன் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார். "டப்பிங் கீது மாமு."

டப்பிங் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. படம் வருகிறது என்பதுதான் செய்தி. மீதியை அவரே சேர்த்துக்கொண்டார்.

இருபது வருடத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்க வந்த டப்பிங் கம்பெனி மேனேஜர் ஒருவர் இந்தக் குரலில் மயங்கி, தேசப்பனை வடபழனிக்கு அழைத்துப் போனார். ஆங்கில விண்கலப் படம். அதில் ஒரு வாயாடி ரோபோ. தமிழில் அதற்குத் தகர மாமு என்று பெயர். வில்லனின் கப்பலைச் சுடும்முன் அது மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ண வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. மைக்கைப் பார்த்ததும் தேசப்பனின் கை தானாக உயர்ந்தது. "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்று வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்படியே இருக்கட்டும் என்றார்கள். வில்லன் ஏலம் போன அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. படத்தில் தேசப்பன் பெயர் எங்கும் வரவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை; ராயபுரத்தில் யாருக்குத்தான் தெரியாது!

இப்போது அதே படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். டிரெய்லர் வந்த அன்று டீக்கடையில் பஞ்சாயத்து கூடியது. அதே விண்கலம், அதே சிவப்புக் கோள், பாதியில் மாட்டிக்கொள்கிற அதே கதவு. பழைய படத்திலிருந்து ஒன்றுவிடாமல் உருவிவிட்டார்கள் என்பது ஜாபரின் கட்சி. "பழைய போட்டுக்குப் புது பெயிண்ட் அட்ச்சி வுட்டுக்கீறானுங்க."

தேசப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவன் மூக்கு புள்ளைக்கு வந்தா அது காப்பியா நைனா? நல்லா கீறத எதுக்கு மாத்தணும்? அல்லாம் அப்டியே இருக்கணும். அப்பதான் அது அந்தப் படம்."

மஃப்ளர் ஏறியது அன்றைக்குத்தான். ஐஸ் போட்ட மோர் நின்றது, மிளகுக் கஷாயம் வந்தது. ஸ்டுடியோ அழைப்பது இரைச்சலில் காதில் விழாமல் போய்விடுமோ என்று ஏலத்தின் நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் அழைத்தாள். தெரியாத நம்பர் ஆயிற்றே என்று, அவளிடமும் தகர மாமு குரலில்தான் பேசினார்.

"யோவ், அவங்க கூப்புடாங்காட்டி இன்னா பண்ணுவ?" என்றாள் மனைவி பச்சையம்மா.

"கூப்புடாம? அது வாயே என்னுதுடி."

போஸ்டர் ஒட்டினார்கள். போன் வரவில்லை. படம் வெளியான வெள்ளிக்கிழமை, பச்சையம்மாவோடு திருவொற்றியூரில் பகல் காட்சிக்குப் போனார், மஃப்ளரோடுதான். விண்கலம் வந்தது, கோள் வந்தது, கதவு மாட்டிக்கொண்டது. தகர மாமு வாயைத் திறந்தது. யாரோ இளவட்டத்தின் குரல். பிறகு அந்தக் காட்சி. "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" அதே இழுப்பு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தேசப்பன் மூச்சு வாங்குவாரே, அந்த இடைவெளியைக்கூட விட்டுவைக்கவில்லை. தியேட்டர் கூரை பறக்க விசில். தேசப்பனுக்கு அழுகை வந்தது. இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வெளியே வந்ததும் மஃப்ளரை அவிழ்த்தார். "காப்பி. அப்பட்டமான காப்பி. சொந்தமா ஒண்ணு ரோசிக்கத் துப்பு இல்ல."

"அல்லாம் அப்டியே இருக்கணும்னு நீதானயா சொன்ன?"

"அல்லாம்னா... ஆளும்தான்டி."

ஞாயிற்றுக்கிழமை தொண்டை முழுசாகத் திரும்பிவிட்டது. கும்பலும் வழக்கத்தைவிட அதிகம். கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். விலை ஏறி ஒருவரிடம் வந்து நின்றது. தேசப்பன் கையை உயர்த்தி, "ஒரு தரம்!" என்றார்.

முன்வரிசையில், வேறு பேட்டையிலிருந்து மீன் வாங்க வந்த ஒரு பையன் நண்பனின் தோளைத் தட்டினான். "மச்சி, ரோபோ டயலாக்டா! படம் வந்து ரெண்டு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள அண்ணன் அப்படியே காப்பி அடிக்கிறாரு பாரு!"

கூட்டம் சிரித்தது. ஜாபர் சிரிக்கவில்லை. "டேய் தம்பி, அது யாரு கொரல்னு தெரிமா உனக்கு..." என்று பாய்ந்தார். தேசப்பன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"ரெண்டு தரம்" என்றார்.

அடுத்ததைப் படம் பிடிக்க ஏழெட்டு போன்கள் தலைக்கு மேலே உயர்ந்தன. தேசப்பன் வாயை இறுக மூடிக்கொண்டார். குனிந்து, வஞ்சிரத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, கடைசியாக விலை கேட்டவரின் கூடையில் சத்தமில்லாமல் வைத்தார்.