ஞானப்பிரகாசம் சார் ரத்து செய்த பரிசு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பழுதான ஒரு சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது இம்தியாஸ் பாய் போன் செய்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர். தையல் மிஷின்களின் போர்டுகள் கெட்டுப்போனால் என்னிடம் கொண்டுவருவார்.

"மேடம், பெருசு போய்ட்டாரு."

"எந்தப் பெருசு?"

"இன்னா மேடம், உங்க தோஸ்த்துதான். ஞானப்பிரகாசம் சாரு. ஹார்ட் அட்டாக்காம்."

தோஸ்த் என்று அவர் சொன்னது கிண்டலுக்கு. நாங்கள் இருவரும் பேசிச் சில வருடங்கள் ஆகின்றன என்பது அவருக்குத் தெரியும். 'மன்னிப்புக் கேட்காமலேயே போய்விட்டாரே மனிதர்' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

நம் எலக்ட்ரானிக்ஸ் குழுவின் இணையப் பக்கத்தில் அன்று மாலைக்குள் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. குணக்குன்று, பண்பின் சிகரம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவர் இருந்தபோது உங்களில் பாதிப் பேர் அவரை 'ஹெட்மாஸ்டர்' என்று திட்டி எனக்குத் தனி மடல் அனுப்பியவர்கள். ஊர்க்காரி என்பதால் விரிவாக எழுதும்படி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். குணக்குன்று என்று மட்டும் எழுத மாட்டேன்.

அவர் தொலைபேசி இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்டர்நெட் என்றால் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார வேண்டியிருந்த காலத்தில் இந்தக் குழுவைத் தொடங்கினார். நான் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, திருமணமாகி ஆம்பூருக்கு வந்து, பல வருடம் அதைத் தொடாமல் இருந்தவள். குழுவில் சேர்ந்து முதல் கேள்வி கேட்டேன். என் பவர் சப்ளை ஏன் இரைகிறது என்று. "முதலில் எர்த் எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு கேளுங்கள்" என்று பதில் வந்தது. வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை. எரிச்சலோடு போய்ப் பார்த்தேன். எர்த் ஒயர் எங்கேயும் போகவில்லை, சும்மா தொங்கியது. அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் இதுதான்: சிறிய விஷயங்களில் எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருந்தது.

பிறகுதான் அவரும் ஆம்பூர் என்று தெரிந்தது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. நேரில் பார்த்ததும் 'நீங்கள்' போய் 'நீ' வந்தது. "இன்னாம்மா, மல்டிமீட்டர வச்சினு எவ்ளோ நாள் ஓட்டுவே? ஊசிய வச்சினு கெணறு தோண்டற" என்பார். வருவோர் போவோர் முன்னாலும் இதையே சொல்வார்.

கிணறு தோண்டத்தான் வேண்டியிருந்தது. மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் தையல் மிஷின் போர்டுகளின் கோளாறை நேராகக் கண்ணால் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஊகம்தான். இம்தியாஸ் பாய் அப்போதே சொல்லிவிட்டார்: "ஸ்கோப்பு வாங்குங்க மேடம், எங்க கம்பெனி போர்டு பூரா உங்களுக்கே. இல்லன்னா பெங்களூருதான். மேனேஜர் பேஜார் பண்றான்." வீட்டில் எனக்குக் கிடைத்திருந்தது சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. "அண்ணி ரேடியோ நோண்டுறாங்க" என்று என் நாத்தனார் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த மேசைக்கு ஒரு வேலை என்று பெயர் வர வேண்டுமானால் ஸ்கோப் வேண்டும். வாங்க வழி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னைக் கடைக்காரர் ஒருவர், பழையது ஆனாலும் நன்றாக ஓடும் ஒரு ஸ்கோப்பைக் குழுவுக்குப் பரிசாகக் கொடுத்தார். தானே செய்த ஒரு சர்க்யூட்டைப் படத்தோடு பதிவிடுபவர்களுக்கு வரிசையாக ஓர் எண். அவற்றில் ஓர் எண்ணுக்குப் பரிசு. எண்ணை யார் எடுப்பது? ஒருவர் முகம் ஒருவர் பார்க்காத கூட்டம். சீட்டு எடுத்தேன் என்று வீட்டிலிருந்து ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

சார் கண்டுபிடித்த வழியை இன்றும் மெச்சுகிறேன். "வரும் வியாழக்கிழமை பேப்பரில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அடிக்கணக்கில் புள்ளியைத் தாண்டி வரும் இரண்டு இலக்கம் யாருடைய எண்ணோ அவருக்குப் பரிசு. அந்த எண்ணில் ஆள் இல்லையென்றால் அடுத்த நாள்" என்று அறிவித்தார். காவிரித் தண்ணீரை ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு யார் ஏற்றி இறக்க முடியும்? தமிழ்நாடு முழுக்க அவரவர் பேப்பரில் அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

என் எண் முப்பத்தாறு.

வியாழக்கிழமை காலை முதலில் வந்த போன் அவருடையதுதான். "முப்பத்தாறும்மா. வந்து தூக்கினு போ." அவர் அப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அந்த மேசையைத் துடைத்து இடம் பண்ணி வைத்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணி, பூஜையா?" என்றாள்.

மதியத்துக்குள் கோவை உறுப்பினர் ஒருவர் எழுதிவிட்டார். அவர் பேப்பரில் வேறு எண்: நாற்பத்தொன்று. அது அவருடைய எண். விசாரித்தால், ஒரு பேப்பர் முந்தின நாள் காலை நீர்மட்டத்தைப் போடுகிறது, இன்னொரு பேப்பர் மாலை நீர்மட்டத்தை. எந்தப் பேப்பர் என்று சார் சொல்லவே இல்லை. அவர் வீட்டில் ஒரே பேப்பர். அவருக்குப் பேப்பர் என்றால் அது ஒன்றுதான். "ஊர்க்காரங்களுக்கே பங்கு போட்டுக்கிறதுக்கு மேட்டூர் அணை எதுக்கு சார்?" என்று முடித்திருந்தார் கோவைக்காரர்.

மாலையில் சாருடைய அறிவிப்பு வந்தது. விதியில் குறை, டிரா ரத்து, மறு டிரா நடக்கும். அதோடு ஒரு வரி: "மறு டிராவில் ஆம்பூர் உறுப்பினர்கள் கலந்துகொள்ள மாட்டார்கள்." குழுவில் ஆம்பூர் உறுப்பினர் என்றால் அவரும் நானும்தான்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரோஸ்லின் அம்மா காபி கொண்டுவந்தார். நான் தொடவில்லை.

"மறு டிரா வைங்க சார், வாணாம்னு சொல்லல. எனக்கும் கோவைக்காரருக்கும் நடுவுல வைங்க, இல்ல எல்லாருக்கும் சேத்து வைங்க. என்னை எதுக்கு எடுத்தீங்க?"

"உனக்குத் தகுதி இல்லன்னு நான் சொல்லலம்மா. உனக்குக் குடுத்தா எனக்குத் தகுதி இல்லன்னு சொல்லுவானுங்க."

"அப்ப பரிசு உங்க நல்ல பேருக்கு விழுந்துச்சின்னு எழுதிடுங்க சார்."

அவர் முகம் சிவந்தது. "ஜாஸ்தி பேசாத. இன்னொண்ணு வரும், அப்ப பாத்துக்கலாம்."

"எப்ப வரும்?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறு டிராவில் ஸ்கோப் தூத்துக்குடிக்குப் போயிற்று. வென்றவர் சில வாரங்களிலேயே அதை நம் விற்பனைப் பக்கத்தில் போட்டார். யாரோ சாரிடம் முறையிட்டதற்கு, "கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது" என்று பதில் எழுதினார். அதுவும் சரிதான். சிறிய விஷயம் அல்லவா.

பெங்களூர்ப் பழைய சாமான் சந்தையில் எனக்கென்று ஒரு ஸ்கோப் வாங்க இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை போர்டுகள் என் ஊரிலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை போவதை இம்தியாஸ் பாய் ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்வார்.

இவ்வளவு காலமும் இதை யோசித்திருக்கிறேன். அவர் யாரையும் ஏமாற்றியவர் அல்ல. ஒரு திருகாணியைக்கூடத் தனக்கென்று எடுத்ததில்லை. ஆனால் நேர்மையை அவர் வெள்ளை வேட்டிபோலத்தான் வைத்திருந்தார். கறை படக்கூடாது, அவ்வளவுதான். அந்த வேட்டிக்காக யார் சேற்றில் நின்றாலும் அவருக்குக் கவலை இல்லை. முன்னால் ஒன்றைச் சொன்னால், அதனால் பின்னால் கெட்ட பெயர் வந்தாலும் தாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கெட்ட பெயரை அவர் ஒரு நாள்கூடத் தாங்கத் தயாராக இல்லை. அதன் விலையை என் மேசைமேல் போட்டார்.

அடக்கத்தன்று போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரமாட்டேன்னு நெனச்சேம்மா. உன்னப் பத்தி சொல்லினே இருப்பாரு."

"இன்னாம்மா சொல்வாரு?"

"புடிவாதக்காரின்னு."

"அவரு?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே அழைத்துப்போய் அவருடைய அறையைக் காட்டினார். மேசை, மீட்டர்கள், சின்னச் சின்ன டப்பாக்கள், துணி போர்த்திய அவருடைய சொந்த ஸ்கோப். "எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? உங்க ஆளுங்களுக்கே குடுத்துடும்மா. யாரும் ஒண்ணும் சொல்லாதபடிக்குக் குடு."

ஆகவே டிராவை நான் நடத்துகிறேன். யாரும் ஒன்றும் சொல்லாதபடி நடத்த என்னால் முடியாது, நீங்கள் சொல்வீர்கள். விதி இதுதான்: முதலில் வரும் எண்ணுக்கு ஸ்கோப், அடுத்தடுத்த நாள் எண்களுக்கு மற்றவை. சார் வாங்கிய பேப்பர், அதில் வரும் காலை நீர்மட்டம். பேர் கொடுத்த வரிசையில் எண். எண்களும் நாளும் பேப்பரின் பெயரும் முன்பே நம் பக்கத்தில் இருக்கும். ஆம்பூர் உறுப்பினர்களும் கலந்துகொள்ளலாம். ஆம்பூர் உறுப்பினர் என்றால் இப்போது நான் மட்டும்தான். என் எண் விழுந்தால் எடுத்துக்கொள்வேன். கோவைக்காரர் தாராளமாக எழுதட்டும்.

கல்லறைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அன்றைய பேப்பரை யாரும் எடுக்கவில்லை. வழக்கம்போல கேட்டுக்குள் விழுந்து கிடந்தது, அதைத் தாண்டித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் போகட்டும் என்று நின்று அதை எடுத்துப் பிரித்தேன். கை தானாக நீர்மட்டம் போடும் மூலைக்குப் போயிற்று.

புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு. முப்பத்தாறும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை, சார். பேப்பரை மடித்து உங்கள் நாற்காலியில் வைத்துவிட்டு, ஊர்வலத்தின் பின்னால் கல்லறை வரைக்கும் வந்தேன். உங்கள்மேல் ஒரு பிடி மண்ணும் போட்டேன். கோபத்தை மட்டும் போடவில்லை. டிரா நடத்த அது எனக்கு வேண்டும்.