சேவா வீடு

முன்கூடத்திலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. பவுனம்மாள் அம்மிக் குழவியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பிரம்பு நுனியால் பலகைச் சுவரைத் தட்டும் சத்தம். பூசணிக்காய் வாங்குகிறவன் தட்டிப் பார்ப்பது போல ஒரு தட்டு, கொஞ்சம் நிதானம், மறுபடி ஒரு தட்டு. கேளாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து சுவரைத் தட்டிப் பார்க்கிற மனிதர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர்தான் உண்டு.

"பவுனு, இருக்கியா?"

இராமலிங்கக் கிராணி. தோட்டத்தில் கணக்கெழுதிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. வேலை போய்ப் பதினைந்து வருஷமாகியும் பட்டம் மட்டும் போகவில்லை. நெற்றி நிறைய விபூதி, தோளில் பட்டுத் துண்டு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாழ்ந்து தொந்தி வளர்த்த உடம்பு. அவர் வந்த காரியம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே அரைத்த மிளகாயை நிதானமாக வழித்து இலையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஒரு காலத்தில் இதே மனிதர் வந்தால் அவள் புருஷன் தம்புசாமி கைகட்டி நிற்பான். ரயில் பாதையில் கல் கொட்டுகிற கூலி அவன். கப்பலை விட்டு இறங்கி ஆறு மாதம் ஆகியிருக்காது. செங்கல் சூளைகளுக்குப் பின்னால் கிராணியின் மனை சும்மா கிடந்தது. 'வீட்டை நீயே கட்டிக்க, மாசா மாசம் சேவா மட்டும் குடுத்திடு' என்றார் கிராணி. அப்போது தண்டவாளத்தோரம் முருகனுக்குக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. கோயில் நன்கொடைப் புத்தகமும் கிராணி கையில்தான் இருந்தது. சேவா என்றதும் தம்புசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். மனை சாமியுடையது, கொடுப்பது சாமிக்குச் சேவை என்றே அந்த அப்பாவி எண்ணிவிட்டான். நீட்டிய தாளில் பெருவிரலை ஒற்றினான்.

ஞாயிறு ஞாயிறாகப் பலகை சுமந்து, தூண் நட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து வீட்டை எழுப்பினான். மாதம் பிறந்தால் தலை முழுகி, வெற்றிலையில் பணத்தை வைத்துக் கொடுப்பான். கிராணி அதை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒன்பது வருஷம் ஒற்றிக்கொண்டார். அந்தக் கண் அவியவில்லை.

காய்ச்சலில் தம்புசாமி போனான். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியிருந்த கூட்டத்தின் நடுவே கிராணி தாளைப் பிரித்தார். "இது சேவா வீடுலா, பவுனு. மலாய்க்காரன் பாஷையில சேவான்னா வாடகை. இதுகூடவா உன் புருஷனுக்குத் தெரியாது?" துக்கத்துக்கு வந்தவர்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தாலி அறுத்த அன்றுகூடக் கல்லாய் நின்றவள், அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் விம்மி விம்மி அழுதாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம். புருஷன் கட்டிய வீட்டுக்கே வாடகை கொடுத்தாள். மசாலா அரைத்து, உருண்டை பிடித்து, இலையில் கட்டிப் பாசாரில் விற்று, உள்ளங்கை காய்த்துப்போக மிச்சம் பிடித்தாள். இப்போது ரப்பர் விலை விழுந்து, ஜனங்கள் கப்பல் கப்பலாக ஊருக்குத் திரும்புகிற வருஷம். அப்படிப் புறப்பட்ட ரயில்வே மேஸ்திரி ஒருவர் சாலாக் செலாத்தானில் இருந்த தன் துண்டு நிலத்தை வந்த விலைக்குத் தர ஒப்பினார். நாளைக் காலை நில ஆபீசில் பணத்தைக் கொடுத்துக் கிராண்டு என்கிற பட்டாவில் பேர் மாற்ற வேண்டும். அவள் பேரில் ஒரு மண். அது நாளை தவறினால் மேஸ்திரி கப்பலேறிவிடுவார்.

அவள் கூடத்துக்கு வந்தபோது கிராணி நடுத்தூணைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்புசாமி நட்ட தூணில்லே இது? இதை விட்டுட்டு லாலான் புல்லுக் காட்டுல போய்ப் பாம்போட படுக்கப் போறியாக்கும்?"

"பாம்பு எனக்குப் புதுசா, கிராணியய்யா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குரலைக் குழைத்தார். "கேளு பவுனு. அங்க கட்டுற காசை இங்க வச்சிடு. வீட்டை உனக்கே குடுத்திடுறேன். அவன் மூச்சு அடங்கின இடம் உனக்கே இருக்கட்டும். தாளு எழுதியே கொண்டாந்துட்டேன்."

பாவி, எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து தொட்டார். தூணில் அரிவாள் வெட்டு ஒன்று இருந்தது. நடும்போது கை தவறிய வெட்டு. அன்றைக்குத் தம்புசாமி விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அவள் கண்முன் வந்தது. நெஞ்சு தளர்ந்தது. முந்தானையில் விரலைத் துடைத்தாள். கிராணி மைப்பெட்டியைத் திறந்துவிட்டார்.

"தாளைக் குடுங்க."

"உனக்கெதுக்கு?" என்றபடியே நீட்டினார். "தலைகீழா வேற பிடிச்சிருக்கே." அவர் குலுங்கிச் சிரித்தார்.

அவள் தாளைத் திருப்பினாள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய மலாய். மிளகாய் ஏறிச் சிவந்த விரல் வரிவரியாக ஊர்ந்தது. இரண்டாம் வரியில் நின்றது. பிறகு ஏழாம் வரியில். பிறகு அடியில், கைநாட்டு வைக்கிற இடத்துக்கு மேலே.

"இது என்ன எழுத்து?"

"அது... சும்மா. சர்க்கார் வழக்கம்."

"வளைஞ்ச பாம்பு ஒண்ணு, வாய் திறந்த வட்டம் ஒண்ணு, ரெட்டைப் பள்ளம், கடைசியில குண்டு. சேவா."

கிராணியின் பிரம்பு தரையில் விழுந்தது. "நீ எப்ப படிக்கக் கத்துக்கிட்டே?"

"படிக்கத் தெரியாது. பதினாறு முடிஞ்ச மறுநாளே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன பக்கத்து வீட்டு தனலெட்சுமியைக் கரியால இந்தச் சுவத்துல எழுதிக் காட்டச் சொன்னேன். உலகத்துல எனக்குத் தெரிஞ்ச எழுத்து இது ஒண்ணுதான்."

கிராணி குனிந்து பிரம்பை எடுத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் விபூதி மட்டும் இருந்தது, களை இல்லை.

"என்னோட ஏழு வீடு காலியாக் கிடக்குது, பவுனு. நீயும் போயிட்டா..." அது மிரட்டலா, கெஞ்சலா என்று அவருக்கே தெரியவில்லை. "வேணும்னா அந்த வார்த்தையை அடிச்சிடுறேன்."

"அடிச்சா ஆச்சா? நீங்க இருக்கீங்களே."

அவள் தாளை நான்காக மடித்து அவர் மைப்பெட்டியின் மேல் வைத்தாள். கோபம் வரவில்லை. செருப்பில் ஒட்டியதை மண்ணில் தேய்க்கிறபோது யாருக்குக் கோபம் வரும்?

"எம் புருஷன் முட்டாள்தான், கிராணி. சாமிக்குன்னு நெனைச்சுக் குடுத்தாரு. நீங்க சாமியில்லேன்னு தெரிஞ்சுதானே கண்ணுல ஒத்திக்கிட்டீங்க?"

இருபது வருஷத்தில் அவள் 'அய்யா' சேர்க்காமல் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவர் அதைத்தான் கவனித்தார் போலிருக்கிறது. மற்றதற்கெல்லாம் அசையாத தொந்தி அதற்கு அசைந்தது.

வாசல்வரை போனவர் திரும்பினார். மானம் போனாலும் வழக்கம் போகுமா?

"இந்த மாச சேவா?"

"ஒண்ணாந்தேதியே வாங்கிட்டீங்க. மாசம் முடியறவரைக்கும் வீடு என் கையில. கொஞ்சம் வெளியில நில்லுங்க."

கிராணி நிலைப்படியைத் தாண்டி முற்றத்தில் இறங்கினார். பவுனம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.