லேபிள் அச்சுக்கு உயர்ந்த கை

லேபிள் அச்சிடும் பகுதியை அடுத்த பதிப்பில் அடியோடு தூக்கிவிடப் போகிறார்களாம். மென்பொருள் மாநாட்டின் முதல் நாள் காலை, காபி வரிசையில் இந்த வதந்தி பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வந்தது. நின்றவர்களில் பாதிப் பேருக்கு அப்படியொரு பகுதி இருப்பதே அப்போதுதான் தெரியும். நன்றாகத் தெரிந்த ஒருவருக்குக் கையிலிருந்த காபி ததும்பியது.

அலுவலகத்தில் அவருக்கு 'ஒட்டு' என்று பெயர். எந்த மென்பொருள் எங்கே கிழிந்தாலும் ஒட்டுப்போட்டு ஓடவைத்துவிடுவார். முதலாளி அவருடைய மனைவியின் அண்ணன். ஆகவே வேலை போனால் சம்பளத்தோடு சேர்ந்து வீட்டு நிம்மதியும் போகும்.

அவர்கள் கம்பெனி விற்பது, நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்ற வகை மென்பொருள். அதை எழுதும் தாய் நிறுவனம், ஊர் ஊராக நிறுவிப் பராமரிக்கும் சின்னக் கம்பெனிகளைப் 'பங்காளிகள்' என்று பாசத்தோடு அழைக்கிறது. பங்காளி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வரப்புத் தகராறு. மண்டபத்தில் ஒருவர் கழுத்து அட்டையை இன்னொருவர் ஓரக்கண்ணால் படிக்கிற விதத்தைப் பார்த்தால், பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

"யாருங்க சொன்னது, லேபிள் பகுதிய எடுக்கறாங்கன்னு?" என்று ஒட்டு பின்னால் திரும்பிக் கேட்டார்.

தங்க நிறப் பட்டை போட்ட அட்டையோடு நின்ற தொப்பைக்காரர் சிரித்தார். "எல்லாரும்தான் சொல்றாங்க. ஏன் சார், உங்களுக்கு எதுவும் மாட்டுதா?"

"சேச்சே. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவர் நேரே மாடிப்படி மறைவுக்குப் போய் மச்சானைக் கூப்பிட்டார்.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். குழாய்களில் ஒட்டும் சீட்டுகளை அச்சிடுவது இந்தப் பகுதிதான். அதில் ஒரு பொல்லாத பிழை இருந்தது. கூட்டம் நெருக்கினால் ஒருவர் பெயர் அடுத்தவர் சீட்டில் போய் உட்கார்ந்துவிடும். ஒட்டு அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். சரிசெய்ததைத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பி எல்லோருக்கும் பொதுவாக்குவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். மச்சான்தான் குறுக்கே விழுந்தார். "ஊருக்கெல்லாம் குடுத்துட்டா அந்தக் கூடம் நம்மளயே ஏன் கட்டிக்கிட்டு அழணும்?" தாய் நிறுவனத்தின் ஒப்பந்தமோ, சொல்லாமல் திருத்தி ஓட்டுகிறவர்களின் பங்காளிப் பட்டத்தைப் பறிக்கலாம் என்கிறது. நாலு வருடமாக இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"மச்சான், அந்தப் பகுதியவே எடுக்கறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"காபி வரிசையில."

"காபி வரிசையில என் கல்யாணமே நின்னு போச்சுன்னு சொன்னவங்க இருக்காங்க மாப்ள. உள்ள போயி விசாரி. ஆனா நம்மகிட்ட இருக்கறத வாய் தவறிக்கூட உளறிடாத."

உளறாமல் விசாரிப்பது எப்படி என்று மச்சான் சொல்லவில்லை. பெரிய மேடையில் பேசியவர் எதிர்காலத்தைப் பற்றி மட்டுமே பேசினார். அதில் அச்சு இயந்திரமே இல்லை. கண்காட்சி மேசைப் பெண், "அதெல்லாம் அந்தப் பகுதியப் பாத்துக்கற பராமரிப்பாளருக்குத்தான் தெரியும், கடைசி அறைல இருப்பாங்க" என்று கையில் ஓர் இலவசச் சாவி வளையத்தைத் திணித்து அனுப்பினாள்.

கடைசி அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. கண்ணாடி போட்ட ஓர் அம்மா நீக்கப்போகிற பகுதிகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து மூன்றாவது வரியில் லேபிள். வதந்தி வதந்தி இல்லை.

"இத எழுதினவர் வேலைய விட்டுப் போயிட்டாரு. நான்தான் தூக்கிச் சுமக்கறேன். நாலு வருஷமா ஒரு புகார் இல்ல, ஒரு கேள்வி இல்ல. யாருமே தொடறதில்லன்னு அர்த்தம். யாராவது உபயோகிக்கறீங்களா? கை தூக்குங்க."

புகார் ஏன் வரவில்லை என்பது ஒட்டுவுக்குத் தெரியும். அவர் பேசாமல் இருந்ததுதான் அந்தப் பகுதிக்கு மரணச் சான்றிதழாகியிருந்தது. இப்போதும் பேசாவிட்டால் அடுத்த பதிப்பில் கூடம் முடங்கும். பேசினால் பட்டம் போகும். கை பாதி தூரம் எழுந்தது. சட்டென்று தலையைச் சொறிவதுபோல் பாவனை செய்தது. ஒரு நினைப்பு மட்டும் போகவில்லை. திருத்தம் கிடைக்காத வேறு ஏதோ கூடத்தில், வேறு யாருடைய ரத்தத்தின் மேலோ யாருடைய பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

"அப்போ எடுத்துடலாம்," என்றார் அந்த அம்மா.

"எடுக்காதீங்க மேடம்!"

குரல் தன்னுடையதுதான் என்று அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அத்தனை தலைகளும் திரும்பின. திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். பிழை, திருத்தம், நாலு வருடம். மச்சானை மட்டும் சொல்லவில்லை.

பின்வரிசையில் இருமல் கேட்டது. தங்கப் பட்டைத் தொப்பைக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நாங்களும் அதையேதான்... தனியா சரிபண்ணி வெச்சிருக்கோம்." ஜன்னலோரம் இன்னொரு கை. ஒரே ஓட்டையை ஆளாளுக்குத் திருட்டுத்தனமாக அடைத்துவிட்டு, ஆளாளுக்குக் காவல் காத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்கு உங்க பங்காளிக் குடும்பம்." பிறகு ஒட்டுவைப் பார்த்து, "உங்க திருத்தத்த இன்னிக்கே அனுப்புங்க. நான் பாக்கறேன். பகுதி இருக்கட்டும்."

"எங்க பட்டம், மேடம்?"

"அத முடிவு பண்றது வேற மாடி. எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, உங்களுது நான் பாத்தா நான் எழுதின நிரல் ஒண்ண, சரியா தப்பான்னு நீங்க பாத்து எழுதிக் குடுக்கணும். இங்க அதான் வழக்கம்."

சாயங்காலம் மச்சான் ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "குடும்பத்தையே ஏலம் விட்டுட்டியே மாப்ள," என்றார் கடைசியில். "சரி, அனுப்பித் தொலை. தங்கச்சிகிட்ட நீயே சொல்லிக்கோ."

திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது. கூடத்துக்கு ஆபத்தில்லை. 'வேற மாடி'யிலிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. மின்னஞ்சல் மணி அடித்தால் ஒட்டு முதலில் அனுப்பியவர் பெயரைத்தான் பார்க்கிறார். அந்த அம்மாவின் நிரலைத் தினமும் திறக்கிறார். அதில் ஒரு தவறும் கண்ணில் படவில்லை. அதுதான் பயம்: தவறே இல்லையா, தனக்குத்தான் தெரியவில்லையா? 'சரி' என்று எழுதினால் ஊரறிய, பெயரோடு, அழியாமல் நிற்கும்.

நேற்று அந்த அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: "பாத்தாச்சா?"

ஒட்டு நிரலை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.