கான்சாபுரத்து எலி இளைத்த கதை

உப்பிலிக்கு எலி என்றாலே குமட்டும். அந்த மனுஷனுக்கு டாக்டர் பட்டம் எலியில்தான் எழுதியிருந்தது. பிறந்தது கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணும் குடும்பத்தில். பார்ப்பதோ, ராஜபாளையத்துக் கல்லூரியில் எலிக்கு ஊசி போட்டு, கொன்று, தொடையெலும்பை நறுக்கி, வழிகிற மஜ்ஜையைக் கண்ணாடித் துண்டில் சொட்டவிட்டுக் குரோமோசோம் தேடுகிற வேலை. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினால், அம்மா கோதைநாயகி கொல்லைப்பக்கம் நிறுத்தி, தலையோடு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் முகத்தையே பார்ப்பாள்.

இத்தனை அருவருப்புக்கும் பலன் இருந்தது. வரப்பில் வளை தோண்டும் எலிகளை இரண்டு ஊர்களில் எலி பிடிப்பவர்களிடம் வாங்கி வந்ததில், தேவதானத்து எலி உருண்டு திரண்டிருந்தது. கான்சாபுரத்து எலி மோர்மிளகாய் வற்றல். அதிலும் கான்சாபுரத்து எலிகள் சிலவற்றுக்கு ஒரு குரோமோசோம் குட்டையாக வேறு இருந்தது.

"ரெண்டையும் முடிச்சுப் போடு உப்பிலி! குரோமோசோம் குட்டை, அதனால உடம்பும் குட்டை. புது வகை எலி. உன் பேரையே வெச்சிடலாம்!" என்று குதித்தார் கைடு சம்பத்குமார்.

எலிக்குத் தன் பெயர் என்றதும் உப்பிலிக்குக் கொஞ்சம் குமட்டியது, நிறைய இனித்தது.

ஆய்வேடு டைப் ஆகிக்கொண்டிருந்த 1988 தை அறுப்பில், இன்னும் சில எலிகள் வாங்கக் கான்சாபுரம் போனார். எலி பிடிக்கும் இருளப்பசாமி வயலோரம் தீ மூட்டி வாட்டிக்கொண்டிருந்தார். மயிர் பொசுங்கும் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தால், தீயில் கிடந்ததெல்லாம் கொழுகொழு எலிகள்.

"என்னய்யா இது? இவ்வளவு பெரிசு இந்த ஊர்லயா கிடைக்கறது?"

"பின்ன, மெட்ராஸ்லயா சாமி?"

"எனக்கு ஒண்ணுகூட இப்படிக் குடுத்ததில்லையே!"

"நல்லாக் கேட்டிய போங்க! கொழுத்தத நாங்க எடுத்துக்கிட்டு, சோணிய ஒங்களுக்குப் போடுதோம். எலும்பத்தான நோண்டப் போறிய, கறி எதுக்கு?"

"தேவதானத்து மொக்கைச்சாமி பெரிசாத் தராரே?"

"அவியளுக்கு வாயில பல்லு ஏது சாமி? எடுத்து வச்சு என்ன செய்வாக?"

உப்பிலி வரப்பிலிருந்து நேராகக் கல்லூரிக்கு பஸ் ஏறினார். சம்பத்குமாரிடம் சொன்னபோது, "யார் வந்து பார்க்கப் போறா? பேசாம இரு" என்றார். பேசாமல் இருக்கத்தான் உப்பிலியும் பார்த்தார். உண்மை, நேர்மை என்ற பெரிய சமாசாரமெல்லாம் அவரை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு: ஊரார் பொறுக்கித் தின்றது போக ஒதுக்கித் தள்ளிய எச்சில். அதை அளந்து, அட்டை போட்டு, மேலே தன் பெயரையும் எழுதுவதா?

மறுநாள் ஸ்பிரிங் தராசோடு வயலுக்கே போனார். "எல்லாத்தையும் மொதல்ல எங்கிட்ட குடு. எலும்பை எடுத்துண்டு மிச்சத்தைத் தந்துடறேன்."

இருளப்பசாமி காறித் துப்பினார். "ச்சீ! மருந்து ஏத்தி நீங்க நோண்டிப் போட்டத எவன் திம்பான்? அசிங்கம் புடிச்ச சோலி! உசுரோட நிறுத்துக்கிடுங்க. கொழுத்ததுல ரெண்டு மூணு தாரேன். அம்புட்டுதான்."

நிறுக்க நிறுக்க, தேவதானத்து எலிக்குச் சற்றும் இளைத்ததாக இல்லை கான்சாபுரத்து எலி. குட்டைக் குரோமோசோம் கொழுத்ததிலும் இருக்கிறதா என்று இனி எலும்பை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் புது வகை எலி அங்கேயே, அந்த வரப்பிலேயே செத்துவிட்டது. பட்டமும் அடுத்த வருஷத்துக்குப் போயிற்று.

பைக்குள் துள்ளிய தடியன் ஒன்று அவர் புறங்கையில் வெதுவெதுவென்று மூத்திரம் பெய்தது. உப்பிலி பல்லைக் கடித்துக்கொண்டு, தராசு முள் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.